பைலட் ஏன் பதில் சொல்லவில்லை

மார்ச் 2, சனி

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், இவர், என் ஓரகத்தி, கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர். போனில் என் மகள் சிட்டு. அவளையும் கணக்கில் சேர்த்தே எழுதுகிறேன். 'எட்டாக்கரை' தொடரை எங்களுக்குப் பழக்கிவிட்டதே அவள்தானே. கட்டிக்கொடுத்த ஊரில் அவள் பார்ப்பாள், இங்கே நாங்கள் பார்ப்போம். முடிந்ததும் எங்கள் போன் குழுவில் ஆளுக்கொரு குரல்பதிவு.

கதை இதுவரை: ஒரு பெரிய விண்கப்பல், ஊர் மாதிரி ஜனம். அதிலிருந்து பைலட் பெண் ஒருத்தி சின்ன ஓடத்தில் தனியாக வந்து ஒரு கோளில் இறங்கிவிட்டாள். கப்பலின் தளபதி தினமும் ரேடியோவில் கூப்பிடுகிறார். அவர் குரல் ஓடத்துக்குள் நன்றாகக் கேட்கிறது. அவள் பதிலே சொல்வதில்லை. ஏன்? இதற்குத்தான் வாராவாரம் இத்தனை அடிதடி.

என் கட்சி: ரேடியோவில் கேட்கும் பக்கம் சரி, பேசும் பக்கம் பழுது. பாவம், அவள் திரும்பத்தான் தவிக்கிறாள்.
மருந்துக்காரர் கட்சி: அவள் இறங்கும்போதே செத்துவிட்டாள், நாம் பார்ப்பது ஓடத்தின் ஞாபகம். (மருந்து விற்கிறவர் வாயில் வருகிற பேச்சா இது?)
ஓரகத்தி கட்சி: தளபதி என்று ஓர் ஆளே கிடையாது, எல்லாம் இயந்திரம்.
இவர் கட்சி: "தெரிஞ்சா சொல்லமாட்டேனா? பேசாம பாருங்க."
சிட்டு கட்சி: ரேடியோ கெடவில்லை.

எங்கள் விதி ஒன்று உண்டு. பிடித்த கட்சியை விடுவதானால் தொடரிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். எழுந்து நின்று, தோத்தேன் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். இதுவரை ஓரகத்தி மூன்று முறை சொல்லிவிட்டாள். அவளுக்கு அது வணக்கம் சொல்வது போல. எனக்கு ஒரு முறைகூட வரவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

காலைப் பிரார்த்தனை முடிந்து அடுப்படிக்குப் போவதற்குள் சிட்டு கூப்பிட்டாள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றேன். "ம்" என்றாள். நீ எப்படி இருக்கிறாய் என்றேன்.

"அம்மா, தளபதி குரல் வரும்போது அவ என்ன பண்றான்னு கவனிச்சியா?"

கவனிக்கவில்லை என்றேன். அடுத்த வாரம் கவனி என்றாள். வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி, அலுவலகம், தலைவலி, வாங்கிய செருப்பு என்று எல்லாம் வரும். இப்போது பைலட் மட்டும். இவரிடம் சொன்னேன். "கதை பேசற அளவுக்கு நிம்மதியா இருக்கான்னு அர்த்தம், விடு" என்கிறார். இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் — அவள் அங்கே நன்றாக இருக்கிறாளா? அதற்கு மட்டும் நேர்ப் பதில் வருவதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

நூலகத்தில் சிறுவர் பகுதியில் ரேடியோ பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. கேட்கும் பகுதி சரியாக இருந்து பேசும் பகுதி மட்டும் கெட்டுப்போக முடியுமாம். என் கட்சிக்கு வரவு.

மார்ச் 9, சனி

இன்று எனக்குப் பெரிய வெற்றி. முறையாக எழுதுகிறேன்.

தொடர் முடிந்ததும் முதலில் சிட்டுவின் பதிவு வந்தது. நீளமான பதிவு. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது, சளி போலிருக்கிறது.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் அவ முகத்தையே பாக்கறீங்க. தளபதி பேச ஆரம்பிச்சதும் அவ முதல்ல கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாக்கறா. அப்பறம் கதவுல முதுகைச் சாய்ச்சு உக்காந்துக்கறா. குரல் நிக்கற வரைக்கும் எழுந்திரிக்கறதில்ல. வெளிய அந்தக் கோள்ல யாருமே இல்ல, அப்ப யாருக்கு பயந்து தாழ்ப்பாளைப் பாக்கறா? பழக்கம். கப்பல்ல இருந்தப்ப வந்த பழக்கம். அவளுக்குத் திரும்பிப் போக வேண்டாம். அவ்வளவுதான். அம்மா, நீ என்ன சொல்றே?"

என்னைக் குறிப்பிட்டுக் கேட்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு பேசினேன்:

"தாழ்ப்பாளைத் தொட்டா அது ஒரு ஆதாரமா? ஏதோ கோவத்துல இறங்கிட்டா. அவளுக்கு வீடுன்னா அந்தக் கப்பல்தான். தளபதி கொஞ்சம் கடுமையாப் பேசறவர்தான், ஆனா தினம் விடாம கூப்பிடறாரே, அக்கறை இல்லாமலா? தனியா எத்தனை நாள் இருந்துடுவா? திரும்பித்தான் ஆகணும். திரும்புவா. எழுதி வச்சுக்கோ."

மருந்துக்காரர் கைதட்டினார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீங்க" என்றார். ஓரகத்தி, "கடுமையாப் பேசறவர் மிஷினா இருக்க முடியாது, அதுவே ஆதாரம். அக்கா பேசினா மறுபேச்சு ஏது?" என்று தன் கட்சியை விட்டு என் கட்சிக்கு வந்து, நின்று, தோத்தேன் சொல்லி, உட்கார்ந்தாள். நான்காவது முறை. இவர்கூடச் சிரித்தார்.

சிட்டு பதில் போடவில்லை. தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

சிட்டு கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. விளையாட்டுக்குக்கூடக் கோபித்துக்கொள்வாளா?

மார்ச் 13, புதன்

துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போன். அவராகக் கூப்பிடுகிறவர் இல்லை.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? அவ அங்கதானே இருக்கா?"

"யாரு? சிட்டுவா? இங்க வரலையே. எப்ப கிளம்பினா?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்குப் புதன்கிழமை மாப்பிள்ளை."

"தானா வந்துடுவான்னு விட்டுட்டேன் அத்தை. எங்க போயிடப் போறா? நீங்க கொஞ்சம் புத்தி சொல்லி அனுப்பி வைங்க. உங்க பேச்சைத்தான் கேப்பா."

குரலில் பதற்றமே இல்லை. கடனாகக் கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்பது போல இருந்தது.

உடனே சிட்டுவுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது: "பத்திரமா இருக்கேன்மா. கூட வேலை பாக்கற பொண்ணு ரூம்ல. பேசத் தோணல."

கடவுளே, பத்திரமாக இருக்கிறாள். அது போதும் இப்போதைக்கு.

— போதுமா?

மார்ச் 14, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

அவள் கிளம்பியது போன வியாழன். என் பெரிய வெற்றி சனிக்கிழமை. அப்படியென்றால் அன்று அந்தத் தாழ்ப்பாள் கதையைச் சொன்னபோது அவள் வீட்டை விட்டு வந்து இரண்டு நாள் ஆகியிருக்கிறது. யாரோ ஒரு பெண்ணின் அறையில் உட்கார்ந்துகொண்டு, அம்மா நீ என்ன சொல்றே என்று கேட்டிருக்கிறாள். நான் என்ன சொன்னேன்? வீடுன்னா அந்தக் கப்பல்தான்னேன். திரும்பித்தான் ஆகணும்னேன். எழுதி வச்சுக்கோன்னேன்! கைதட்டு வேற வாங்கினேன்.

அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டேன். சளி இல்லை அது.

நாங்கள் நாலு பேர் வாராவாரம் கண் கொட்டாமல் பார்த்தும் ஒருத்தர் கண்ணிலும் படாத தாழ்ப்பாள் அவள் கண்ணில் மட்டும் எப்படிப் பட்டது? இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டாமா? இவளைப் பெற்றவள்தானே நான்?

இவரிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். லிப்ட் பழுதுபார்க்கிற ஆள், எந்தச் சத்தத்தையும் இரண்டு முறை கேட்காமல் வாய் திறக்க மாட்டார். இரண்டு முறை கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "போய்க் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

"பேசத் தோணலன்னு சொல்றவளைப் போய் இழுத்துட்டு வருவீங்களா? நாமளும் அந்தத் தளபதி பண்றதையேதான் பண்ணணுமா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். என் பிள்ளையைத் திரும்ப அனுப்பி வை என்று வாய் ஆரம்பித்துவிட்டது. எங்கே திரும்ப?

மார்ச் 16, சனி

இருந்தவர்கள்: அதே நால்வர். குழுவில் சிட்டு இருக்கிறாள், விலகவில்லை. ஆனால் ஒரு வாரமாக ஒரு சொல்லும் இல்லை. புதன்கிழமை வந்த அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கும் நேராக எழுதவில்லை.

நான் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து அழித்தேன். பேசத் தோணல என்பவளிடம் எதைப் பேசுவது? மன்னிச்சுக்கோ என்றால் அதற்கும் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இன்றைய பகுதியில் பைலட் ரேடியோவைத் திறந்தாள். உள்ளே பேசும் பக்கத்து ஒயர் அறுந்து தொங்குகிறது! ஓரகத்தி துள்ளிக் குதித்தாள். "அக்கா! நீங்க சொன்னது அப்படியே!" மருந்துக்காரர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னும் கடைசிப் பகுதி ஒண்ணுதான் பாக்கி. ஜெயிச்சாச்சு."

நான் போனில் பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நான் கட்சி மாறறேன். சிட்டு கட்சிக்கு. தோத்தேன்."



"என்னம்மா இது?" என்றார் மருந்துக்காரர். "ஜெயிக்கற நேரத்துல போய்? ஒயர் அறுந்து தொங்குதே, கண்ணால பாத்தோமே!"

"அந்த ஒயரை அவளேதான் அறுத்திருப்பா. ஒரு நாள் மனசு தளர்ந்து பதில் சொல்லிடக் கூடாதேன்னு."

"ஆதாரம்?"

"இல்ல."

ஓரகத்திக்கு விஷயம் தெரியாது. "ஆதாரம் இல்லாம மாறினா செல்லாதுக்கா, நீங்க போட்ட விதிதானே? என்னை எத்தனை தடவை நிக்க வச்சீங்க!" என்று சிரித்தாள். இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவை இவை எல்லாவற்றோடும் அப்படியே அனுப்பினேன்.

எல்லாரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே ஓடி வந்தார். சிட்டு எழுத்தில் போட்டிருந்தாள்:

"ஆதாரம் இல்லாம எப்படிம்மா மாறலாம்?"

ஈரக் கையோடு அடித்தேன், இரண்டு முறை தப்பாக விழுந்தது. "நீ சொன்னே. அது போதும்."

மார்ச் 17, ஞாயிறு

சிட்டு கூப்பிட்டாள். வெகுநேரம் அழுதாள், நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடிச்சாரா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அடிக்கலம்மா. அடிக்கலைங்கறதாலதான் யார்கிட்டயும் சொல்லத் தெரியல. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்பார். யார்கூடப் பேசினே, ஏன் சிரிச்சே, போனைக் காட்டு. கத்தமாட்டார். நிதானமா, விடாம, தூக்கம் வர்ற வரைக்கும். நான் பாத்ரூம்ல போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு கதவுல சாஞ்சு உக்காந்துடுவேன். வெளிய நின்னுகிட்டுப் பேசுவார்."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லிப் பாத்தேன்மா. பைலட்டை வச்சு. நீ என்ன சொல்றேன்னு பாத்துட்டு மிச்சத்தைச் சொல்லலாம்னு இருந்தேன்."



பிறகு அவளே, "கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா? அதுக்கப்பறம் என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல" என்றாள். வா என்றேன். அதற்கப்புறத்தைப் பற்றி நானும் எதுவும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது — மொத்தமாக வந்துவிடு என்று சொல்ல. சொல்லவில்லை. அவள் இத்தனை நாள் ஒருத்தர் சொல்படி இருந்தது போதாதா, நானும் சொல்ல வேண்டுமா?

வெள்ளிக்கிழமை வண்டிக்கு இவர் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு.

மார்ச் 19, செவ்வாய்

மாப்பிள்ளை மறுபடி கூப்பிட்டார். இவர் என் கையிலிருந்து போனை வாங்கி, "அவ எங்ககிட்ட வரா. உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா இனிமே என்கிட்ட சொல்லுங்க, நிதானமா கேட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் 20, புதன்

ஓரகத்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் அவள் புடவையைச் செருகிக்கொண்டு சிட்டுவின் பழைய அறைக்குள் போனாள். பெட்டிகள், இஸ்திரிப் பலகை, இவர் சேர்த்து வைத்திருந்த லிப்ட் சாமான்கள் எல்லாம் வெளியே வந்தன. "இந்த இரும்பெல்லாம் எதுக்கு மச்சான், லிப்ட் ஒண்ணு வீட்டுக்குள்ள கட்டப் போறீங்களா?" என்று இவரை வாரினாள். வெகு நாளைக்குப் பிறகு ஜன்னல் முழுதாகத் திறந்தது.

மார்ச் 21, வியாழன்

தச்சர் அளவெடுக்க வந்தார். சிட்டுவுக்குக் கணினி வேலை, வீட்டிலிருந்தே செய்யலாமாம், மேசை வேண்டும். அளவெடுத்துவிட்டுக் கேட்டார்: "சுவரோட சேர்த்து அடிச்சிடவாம்மா? இல்ல, கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி வேணுமா?" இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அதை நாங்கள் சொல்லக் கூடாது, இருக்கப் போகிறவள் சொல்வாள் என்றேன்.

அவளுக்கு அனுப்பியதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்:

"சிட்டு, உன் ரூமுக்கு மேசை போடறோம். சுவரோட சேர்த்து அடிக்கறதா, கழட்டற மாதிரி வேணுமான்னு தச்சர் கேக்கறார். ரெண்டுல எதுன்னாலும் எங்களுக்குச் சம்மதம், எங்களுக்காகப் பாக்காதே. நாளைக் காலைல பலகை அறுக்கறார். சீக்கிரம் பதில் போடும்மா."