சந்தையில் தள்ளிவிட்ட காளை

ஓசூர்
5.11.1988

அன்புள்ள சீலிக்கு,

இங்கு நலம். கம்பெனியில் ஓவர்டைம் போட்டு ஆளை விடுவதில்லை. உன் போன கடிதத்தில் நாலே வரி. ஊருக்கெல்லாம் ஊசி போடும் நர்ஸம்மாவுக்குப் புருஷனுக்கு எழுத மட்டும் கை வலிக்கிறது போலும்.

நம் மத்தூர் வீட்டுச் செவலைக் காளை திடீரென்று காய்ச்சல் கண்டு தீனி எடுக்கவில்லை என்று தேவமணி அண்ணன் போன் செய்தார். செத்தால் குழி வெட்டிப் புதைக்கத்தான் ஆகும், அதற்குள் சந்தையில் தள்ளிவிடுங்கள் என்றேன். மிளகுக் கஷாயம் ஊற்றி நிற்க வைத்து, நேற்று குந்தாரப்பள்ளிச் சந்தையில் சாந்த் பாஷாவிடம் கொடுத்துவிட்டார். உன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தோல் மண்டி வைத்திருக்கிறாரே, அவர்தான். நம் வீட்டு மாடு என்றதும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசவும் இல்லை, பல்லைப் பார்க்கவும் இல்லையாம். நல்ல மனுஷன். பார்த்தால் விசாரித்ததாகச் சொல்.

உன்
பாக்கியராஜ்

குந்தாரப்பள்ளி
12.11.1988

என் அன்பு மாமாவுக்கு,

இந்தக் கடிதம் நாலு வரியில் முடியாது.

பாஷா மண்டியில் தோலுக்கு உப்புப் போடும் திம்மராயன் புதன்கிழமை செத்துப்போனார். கழுத்தில் ஒரு கொப்புளம், நடுவில் கரியாகக் கறுத்து, முகம்வரை வீங்கி மூச்சை அடைத்துவிட்டது. காளையை அறுத்த இருவர் தருமபுரியில் கிடக்கிறார்கள். மாட்டிலிருந்து வந்த அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார்.

நேற்று மண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினோம். முகத்துணியும் கையுறையும் மாட்டிக்கொண்டு தோலை எரிக்கப் போன எங்களைப் பார்த்ததும் ஊர் மிரண்டுவிட்டது. பாய் வேண்டுமென்றே விஷக்கிருமி வைத்துவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட, கூட்டம் திரண்டது. முதல் கல் எங்கள் டிரைவரின் பல்லை உடைத்தது. பாஷாவைத் தாடியைப் பிடித்து இழுத்து வந்து, உப்பு மூட்டை மேல் போட்டு மிதித்தார்கள். கடப்பாரையால் அவர் விலாவில் இடித்தது யார் தெரியுமா? உங்கள் அண்ணன். காளையைக் கொண்டுவந்து விட்டவரே அவர்தானே, மாமா.

"யார் மாடுடா, சொல்லு" என்று கத்தினார்கள். பாஷா உங்கள் அண்ணனையே பார்த்தார். வாயில் ரத்தம். "சந்தைக்கு நூறு மாடு வருது, நான் என்னத்தக் கண்டேன்" என்றார். அப்புறம் மண்டிக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். பாஷா இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார்.

மாடு எங்கிருந்து வந்தது என்று டாக்டர் தேடுகிறார். அந்தக் கொட்டகையில் நின்ற மற்ற மாடுகளுக்கும், தொட்டவர்களுக்கும் உடனே ஊசி போட்டாக வேண்டும். நான் என்ன சொல்லட்டும்?

உங்கள்
சீலி

ஓசூர்
14.11.1988

சீலி,

வாயைத் திறக்காதே. என் கடிதத்தை அடுப்பில் போடு. அந்தக் கூட்டம் மத்தூருக்கு வர எத்தனை நேரமாகும்? வீட்டில் அம்மா இருக்கிறாள். அண்ணனிடம் கேட்டேன். "நான் அடிக்கலேன்னா என்னய அடிச்சிருப்பாங்கடா" என்று அழுகிறார். அவர் முன்கையில் ஒரு கறுப்புக் கொப்புளம் இருக்கிறதாம். வலியே இல்லை, முள் கிழித்ததாக இருக்கும் என்கிறார்.

பாஷா சொல்ல மாட்டார். பத்து நாளில் எல்லாம் அடங்கிவிடும். அதுவரை நர்ஸ் வேலையை மறந்துவிட்டு என் பெண்டாட்டியாக இரு.

பாக்கியராஜ்

குந்தாரப்பள்ளி
18.11.1988

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை பாஷா இறந்துவிட்டார். நோயால் அல்ல. உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்திவிட்டது. அதற்கு முந்தின நாள் கட்டு மாற்றும்போது, ஏன் பாய் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அங்கயும் நெருப்பு வெப்பாங்க. வயசான அம்மா இருக்குதேம்மா" என்றார். நீங்கள் எழுதியதும் அதே காரணம்தான். அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபம் வந்தது.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஜீப்பில் மத்தூருக்குப் போனோம். உங்கள் அண்ணன் அரிவாளோடு உள்ளே தாழிட்டுக்கொண்டார். போலீஸ் கதவை உடைத்து, நாலு பேர் தரையில் அமுக்கிப் பிடிக்க, நான்தான் பென்சிலின் போட்டேன். "குடும்பத்தையே காட்டிக் குடுத்துட்டியே" என்று முகத்தில் துப்பினார். துடைத்துக்கொண்டு அத்தைக்கு ஊசி போட்டேன். உங்கள் அண்ணன் பிழைத்துக்கொள்வார். பிறகு ஜெயிலுக்குப் போவார்.

அங்கிருந்து நேராகப் பாஷாவின் மனைவி ரஹமத் பீவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பால் அடித்தார். கை ஓயும்வரை நின்றேன். அப்புறம் கேட்டார்: "மாட்ட அனுப்பச் சொன்னவரு எங்க?" ஓசூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். சொல்லவே கூசியது.

புருஷனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அவர் இருக்கிறார், ஆண்கள் முன்னால் வரமாட்டார். நீங்கள் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னால் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொள்வார். அங்கே போய்விட்டு என்னிடம் வாருங்கள். கூட நான் நிற்கிறேன்.

சீலி

குந்தாரப்பள்ளி
24.12.1988

பாக்கியராஜ் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் சேலை வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

நேற்றும் ரஹமத் பீவியிடம் போய்க் கேட்டேன். "யாரும் வரலம்மா" என்றார்.

ஜெபசீலி