எர்த் இருக்கிறது

04.06.2007, திங்கள்

இன்று ட்ரிப் சுவிட்ச், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டையே அணைப்பது, மூன்று முறை விழுந்தது. தர்மிளா கேத்தலைத் தொட்டபோது ஒன்று. இலட்சுமி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது ஒன்று. மூன்றாவது எதற்கென்று தெரியவில்லை, பழக்கமாகிவிட்டிருக்கலாம்.

மகள் தர்மிளா தலைப்பிரசவத்துக்கு வந்து ஒரு வாரம். ஏழு மாதம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருடம் கொழும்பில் இருந்தவள், கேத்தலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"என்னம்மா இது, எர்த் அடிக்குது?"

"லேசாத்தானே. இங்க எல்லா வீட்லயும் அப்பிடித்தான்" என்றாள் இலட்சுமி.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மின்சாரத்துக்கு மூன்று தரம் உண்டு. சுருக்கென்றால் 'எர்த் அடிக்குது'. அதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை. ஆளைத் தள்ளினால் 'ஷாக்'. அதற்கு ஒரு பிளேன்டீ. மூன்றாவது 'கரண்ட் புடிச்சிருச்சு'. அதற்குத் தோட்டத்துக்கே அரை நாள் லீவு.

06.06.2007, புதன்

சுவிட்சோடு வந்த துண்டுக் காகிதத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். எல்லா ப்ளக்கையும் கழற்று, சுவிட்சைத் தூக்கு, ஒவ்வொன்றாகப் போடு, எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. காலில் ரப்பர் செருப்பு அவசியம்.

செருப்புதான் சிக்கல். எங்கள் ஃப்ரிட்ஜ் முன்னறையில், சாமித்தட்டுக்குக் கீழே நிற்கிறது. அந்தப் பக்கம் செருப்புக் கால் போகக் கூடாது என்பது இலட்சுமியின் சட்டம். அவள் கொழுந்தெடுக்கப் போன நேரம் பார்த்து, செருப்போடு நுழைந்து சோதனை செய்தேன். கேத்தல், அயன், ஹீட்டர், டிவி, ஃப்ரிட்ஜ். ஒன்றுக்கும் விழவில்லை.

பகலில் இலட்சுமி வந்தாள். ஃப்ரிட்ஜைத் தொட்டாள். விழுந்தது.

"ஒங்களுக்கு விழ மாட்டேங்குது, எனக்குன்னா விழுது. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

பக்கத்து வீட்டுத் தோமஸ், தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்ப்பவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பொம்பளைங்களுக்கு விழுற சுவிட்சு மாஸ்டர். மரியாத தெரிஞ்சது. ஒரு குச்சிய சொருவி விடுங்க, அப்புறம் எங்க விழும்னு பாப்போம்."

குச்சி சொருக நான் இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

09.06.2007, சனி

கஹவத்தையிலிருந்து வயரிங் பாஸ் விஜேபால வந்தார். மேஸ்திரியைச் சிங்களத்தில் பாஸ் என்பார்கள். நல்ல சப்பாத்து. அதைக் கழற்றச் சொல்ல இலட்சுமிக்கும் துணிவில்லை. பெட்டியைத் திறந்து ஆணிகளை இறுக்கினார். 'T' என்று போட்ட பொத்தானை அழுத்தினார். சுவிட்ச் விழுந்தது. "ஹரி" என்றார், சரியாம். பிறகு இலட்சுமியிடம் கேட்டார்:

"அக்கே, கெதர எர்த் தியெனவத?"

வீட்டில் எர்த் இருக்கிறதா என்கிறார். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது. தயங்காமல் சொன்னாள்:

"தியெனவா பாஸ், ஹொந்தட்டம தியெனவா."

நன்றாகவே இருக்கிறதாம். பாஸ் திருப்தியாகத் தலையாட்டினார். சுவிட்சுக்கு வயதாகிவிட்டது, இனியும் தொல்லை தந்தால் மாற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மூலையில் தமிழ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது. ஏதோ ஒன்று இடறியதுபோலவும் இருந்தது. எட்டாம் வகுப்பின் எழுத்துப் பிழைகள் அதை மறக்கடித்துவிட்டன.

13.06.2007, புதன்

நாலு நாளாக ஒரு தரமும் விழவில்லை. வீட்டில் அமைதி. பாஸின் கைராசி என்கிறாள் இலட்சுமி.

15.06.2007, வெள்ளி. இரத்தினபுரி ஆஸ்பத்திரி, வாங்கில் உட்கார்ந்து, மாலை ஆறரை

ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

நாலு மணிக்கு மழை. தர்மிளா குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தாள். சத்தம் இல்லை. அதுதான் — சத்தமே இல்லை. எர்த் அடித்தால் 'ஸ்ஸ்' என்பாள். திரும்பிப் பார்த்தேன். கை ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒடம்பு நடுங்குது. இலட்சுமி இழுக்க ஓடினாள். "தொடாத! தொடாதடி!" இருபத்தாறு வருடத்தில் அவளை டி போட்டுக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஃப்ரிட்ஜின் சுவர் சுவிட்சை அடித்து அணைத்தேன். பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கை வரலப்பா. எடுக்கப் பாத்தேன், வரல."

ட்ரிப் சுவிட்ச் நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றுமே நடக்காததுபோல.

பிறகு வயிற்றில் கை வைத்துச் சொன்னாள்: "அசையலம்மா."

த்ரீவீலில் ஒன்றேகால் மணி நேரம். இப்போது உள்ளே வைத்திருக்கிறார்கள். ஏன் விழல? அன்னிக்கெல்லாம் சும்மா சும்மா விழுந்தியே, இன்னிக்கி ஏன் விழல?

16.06.2007, சனி

இருதயத் துடிப்பு கேட்கிறதாம். அசைவு குறைவு. எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு மணியிலிருந்து பத்து வரை: ஒன்று.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். செருப்போடு, சாமிக்கு முன்னாலேயே நின்று பெட்டியைத் திறந்தேன். பாஸ் அழுத்திய பொத்தானை அழுத்தினேன். விழவில்லை. மறுபடியும் அழுத்தினேன். வராத பிள்ளையின் பெயரை வரவு இடாப்பில் கூப்பிடுவதுபோல இருந்தது.

ஆக, சுவிட்ச் குணமாகவில்லை. செத்துப்போயிருக்கிறது. அதைத்தான் நாங்கள் அமைதி என்று கொண்டாடியிருக்கிறோம். அது விழுந்த ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவரின் கையை விடுவித்துவிட்டு விழுந்திருக்கிறது. நாங்கள் திட்டினோம்.

வெளியே மீட்டருக்குப் பக்கத்திலுள்ள பிரேக்கரை இறக்கிவிட்டேன். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை. பாஸ் திங்கட்கிழமைதான் வருவாராம்.

17.06.2007, ஞாயிறு

அசைவு: காலையில் நாலு, பின்னேரம் ஒன்பது. இலட்சுமி நேர்த்தி வைத்த சாமிகள் அதைவிட அதிகம்.

18.06.2007, திங்கள்

தர்மிளாவை விட்டுவிட்டார்கள். பயமில்லை, கிளினிக்குக்கு ஒழுங்காக வரட்டும் என்றார்கள். வேலை முடியும்வரை தோமஸ் வீட்டில் உட்கார வைத்தோம். அங்கே ஃப்ரிட்ஜ் இல்லாதது இன்று ஒரு வசதி.

பாஸ் புதுச் சுவிட்சோடு வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "பே மாஸ்டர், வென்ன பே, அப்பிடி நடக்க முடியாது. எர்த் இருந்தா அப்பிடி புடிக்காது. அக்காதானே எர்த் இருக்குன்னு சொன்னது?"

"ஆமா, இருக்குன்னேன்" என்றாள் இலட்சுமி. "டெய்லி அடிக்குதே பாஸ்! கேத்தல்ல அடிக்குது, அயன்ல அடிக்குது. அதத்தானே கேட்டீங்க?"

பாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது மண்ணில் இறக்கும் செப்புக் கம்பியை. அவள் சொன்னது கையில் அடிக்கும் எர்த்தை. இரண்டு அர்த்தமும் தெரிந்த ஒரே ஆள் மூலையில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சுவருக்குப் போனோம். பெட்டியிலிருந்து எர்த்துக்கென்று புறப்பட்ட பச்சை வயர் சுவரைத் துளைத்து வெளியே வந்து, நாலு அங்குலத்தில் நறுக்கப்பட்டு, மேலே சுண்ணாம்பும் பூசப்பட்டிருந்தது. கம்பி கிடையாது. ஒரு சாமானில் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், பச்சை வயர் வழியே எல்லாச் சாமானுக்கும் பரவி, வெறுங்காலோடு வரும் ஒருவருக்காகக் காத்திருந்திருக்கிறது.

பாஸ் மீட்டர் பிரேக்கர் இறங்கியிருப்பதைத் தானும் பார்த்தார். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாததால், டெஸ்டர் வேலை செய்கிறதா என்று தோமஸ் வீட்டு ப்ளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் பெட்டியில் ஒவ்வொரு முனையாகத் தொட்டார். எதிலும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆணியில் கை வைத்தார். "மாஸ்டர், வெளிய நில்லுங்க. யாரும் அத தூக்கக் கூடாது."

குடையோடு மீட்டருக்கு முன்னால் நின்றேன். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. விழுந்த சுவிட்சைக் கண்டால், போகிற வருகிறவர் யாரானாலும் தூக்கிவிட்டுப் போவார்கள். உதவி. வேலை விட்டு வந்த தோமஸ் என்னைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், கரண்ட் இல்லாம இருட்டுல..."

அவர் கை பிரேக்கருக்குப் போய்விட்டது. மணிக்கட்டைப் பிடித்தேன். குடை வாய்க்காலில் போனது.

"உள்ள பாஸோட கை இருக்கு!"

தோமஸுக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ மாஸ்டர்... நான் ஒதவின்னு..." பிறகு வேலை முடியும்வரை அவரும் என்னோடு நின்றார், இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

பழையது எத்தனை அம்பியரோ அதே அளவில் புதியது. பெரிதாகப் போட்டால் விழாதே என்று இலட்சுமி கேட்டதற்கு, "விழத்தானே அக்கே வாங்குறது" என்றார் பாஸ். அடுத்து கம்பி. சுவரோரம் ஆளுயரக் கம்பியை அடித்து இறக்கத் தொடங்கியதும் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள். மாணிக்கக் கல் கிடைக்கும் இரத்தினபுரி மாவட்டத்தில் ஒருவன் மண்ணில் துளை போட்டால் ஊருக்கு ஒரே ஒரு கேள்விதான்: "கல்லு ஏதும் கெடச்சுதா?"

பச்சை வயரைக் கம்பியில் கட்டி, வெளி பிரேக்கரையும் எல்லா ப்ளக்கையும் போட்டு, சுவிட்சைத் தூக்கினார். உடனே விழுந்தது.

"புதுசும் கெட்டதா?" என்றாள் இலட்சுமி.

பாஸ் சிரித்தார். யாரும் எதையும் தொடவில்லை, ஆனாலும் விழுந்தது. இப்போதுதான் அது உண்மை பேசுகிறதாம். ஃப்ரிட்ஜ் ப்ளக்கைக் கழற்றினார். சுவிட்ச் விழாமல் நின்றது. போட்டார். விழுந்தது. பின்னால் மோட்டார் வயரை எலி கடித்திருந்தது.

25.06.2007, திங்கள்

வரிசையில் பன்னிரண்டு வீடு. போன வாரமே பாஸோடு சுற்றிப் பார்த்தோம். எர்த் கம்பி உள்ள வீடு ஒன்று. அது என்னுடையது. வீடு கட்டித் தந்தவர்களுக்கு எழுதினோம். திட்டப்படி எல்லா வீட்டுக்கும் போடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. தோமஸ் கடப்பாறையைக் கேட்டு வாங்கிப் போனார்.

27.08.2007, திங்கள்

பெண் பிள்ளை. இன்றோடு பதினான்கு நாள். பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ. கத்தும் சத்தம் தோட்டத்து மேல்பிரிவுவரை கேட்கிறது. யாரும் குறை சொல்லவில்லை.

காலையில் மழை. பதினொரு மணிக்கு இலட்சுமி அயனைப் போட்டாள், சுவிட்ச் விழுந்தது. யாரும் திட்டவில்லை. அவள் அயனைத் தொடாமல் தள்ளி நின்றாள். தர்மிளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் ஒவ்வொரு ப்ளக்காகக் கழற்றத் தொடங்கினேன்.

"செருப்பு போட்டுட்டு வாங்க" என்றாள் இலட்சுமி, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.