பேணியின் மேல் உங்கள் முகம்

அக்கா,

இன்று காலை திரான்சிப் புறநகரிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு வெறும் பேணியை எடுத்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தத் தூள்தான் அக்கா வேணும். இப்ப ஏன் நீங்கள் போடுறேல்லை?" அடியில் ஒட்டியிருந்த கொஞ்சத் தூளில் வேர்க்கொம்பும் மிளகும் இன்னும் மணத்தன. பேணியைச் சுற்றி ஒட்டிய தாளில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவள் உங்கள் முகத்தில் விரலை வைத்து, "இந்த அக்கா இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டாள்.

நான் பேணி என்பேன். நீங்கள் டப்பா என்பீர்கள். எனக்கு வேர்க்கொம்பு, உங்களுக்குச் சுக்கு. யாழ்ப்பாணத்துக்காரியும் புதுச்சேரிக்காரியும் பேசிக்கொண்டால் பாதி நேரம் இதற்கே போய்விடும். ரூ லூயி-பிளாங் தெருவில் என் கடை திறந்த புதிதில் தலைக்கு வைக்கும் எண்ணெய் வாங்க வந்தீர்கள். பிறகு எண்ணெய் தீராவிட்டாலும் வந்தீர்கள். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் உங்களுக்குப் பொழுது நிறைய இருந்தது. எனக்கு வாடிக்கையாளர் குறைவாக இருந்ததால் எனக்கும் இருந்தது.

ஞாயிறுதோறும் பழம்பொருள் சந்தைகளுக்குப் போய், நூறு வருடத்துக்கு முந்திய விளம்பரத் தாள்களாகப் பொறுக்கி வருவீர்கள். எல்லாம் அந்தக் காலத்துப் பிரெஞ்சு வீட்டுக்காரிகளுக்காக அச்சடித்தவை. துணிக்கு நீலம், அடுப்புக்குக் கறுப்பு மெழுகு, பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து, வெளிறிய பெண்களுக்கு மாத்திரை, களைத்த பெண்களுக்குப் பலம் தரும் வைன். எண்ணெய் அலுமாரிக்குப் பக்கத்திலுள்ள மடக்கு நாற்காலியில் இருந்துகொண்டு அவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டுவீர்கள். "பொம்பளை குடிச்சா மருந்தாம், புருஷன் குடிச்சா கெட்ட பழக்கமாம். எவ்வளவு சௌகரியம் பாரும்மா!"

ஒவ்வொரு தாளிலும் ஒரு பெண்ணின் படமும் கடிதமும் இருக்கும். ஐந்து வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன், மூன்று பெட்டி மாத்திரையில் எழுந்துவிட்டேன், இப்போது வீட்டுத் துணி முழுவதையும் ஒருத்தியாகவே துவைக்கிறேன். இதை வாசித்தால் உங்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். "முப்பது வருஷம் கடுதாசியைப் பார்த்தவ நான். இது பொம்பளை எழுதின கடுதாசி இல்ல. கம்பெனிக்காரன் எழுதினது. அவ எழுதியிருந்தா நல்லா தூங்கினேன்னு எழுதியிருப்பா. துணி துவைச்சேன்னா எழுதுவா?" பிறகு படத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பீர்கள். "அப்புறம் இந்த மதாம் என்ன ஆனாங்களோ?" என்பீர்கள். தாளின் ஓரத்தில் பென்சிலால் 'அப்புறம்?' என்று எழுதிவைப்பீர்கள். எல்லாத் தாளிலும் அந்த ஒரே சொல்தான்.

நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். அதை நினைக்கும்போதுதான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நான் போட்ட தூளில் ஒரு இரகசியமும் இல்லை. எங்கள் ஊரில் தடிமன், சளி பிடித்தால் குடிக்கிற வேர்க்கொம்புக் கோப்பித்தூள். அதைப் பேணியில் அடைத்து 'பெண்களுக்கான பலத்தூள்' என்று பெயர் வைத்தேன். ஒருவரும் சீண்டவில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது நீங்கள் தங்கை மகளின் கல்யாணத்துக்காக மூன்று மாதம் புதுச்சேரி போயிருந்தீர்கள். படம் பார்ப்பதற்கென்று உங்களிடம் வாங்கிவைத்திருந்த தாள் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து, வரிக்கு வரி, நான் ஒரு கடிதம் எழுதினேன்.

"நான்கு வருடமாக முழங்கால் வலியாலும் சோர்வாலும் படியேற முடியாதிருந்தேன். மூன்று பேணி முடியுமுன் மூன்று மாடி ஏறுகிறேன். வீட்டு வேலை முழுவதும் இப்போது நானே செய்கிறேன். - புதுச்சேரித் திருமதி ஒருவர், ஒபர்வில்லியே."

பொங்கலுக்குக் கடை வாசலில் எடுத்த உங்கள் படத்தை அதற்கு மேல் போட்டேன். நீங்கள் வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசினீர்கள். நான் குளிரைப் பற்றிச் சொன்னேன், கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. கேட்க மறந்துபோனேன் என்று பிறகு உங்களிடம் சொன்னேனே, அது பொய். கேட்டால் வேண்டாமென்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டேன்.

தூள் விற்றது. அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்கள், உங்கள் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள். எங்களில் ஒருத்தி மாதிரி இருக்கிறா என்றார்கள்.

ஊரிலிருந்து திரும்பி நீங்கள் கடைக்கு வந்த நாளில், ஆள் பாதியாகியிருந்தீர்கள். வந்ததும் பேணியைக் கண்டுவிட்டீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய தாள்களை வாசிக்கிற அதே குரலில் முழுவதையும் வாசித்தீர்கள். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றீர்கள். "நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன்ம்மா. மெத்ரோ படியிலே ரெண்டு தடவை உட்கார்ந்துட்டேன். ரத்தம் சரியில்லையாம். பெரிய டாக்டரைப் பார்க்கணுமாம்."

"அக்கா, நான் மறந்துபோனன், கேக்கவேணும் எண்டுதான்..."

"விடு. ஒட்டினது போகட்டும். இனிமே அச்சடிக்காதே. அது போதும்."

"ஓம் அக்கா," என்றேன்.

சொன்னபோது அப்படியே நினைத்துத்தான் சொன்னேன். ஒட்டினவை முடிந்தன. பெண்கள் வந்து கேட்டார்கள். உங்களுக்கு அப்போது மருந்தேற்றத் தொடங்கியிருந்தார்கள், நீங்கள் கடைப்பக்கம் வருவதில்லை. நான் அச்சகத்துக்குப் போனேன். "படம் கொஞ்சம் மங்கிக் கிடக்கு. கன்னத்திலை சிவப்புக் கொஞ்சம் ஏத்தட்டோ?" என்று அச்சகக்காரர் கேட்டார். அதற்கு முதல்நாள்தான் உங்களை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தேன். உங்கள் முகம் தலையணை உறையின் நிறத்தில் இருந்தது. "ஏத்துங்கோ," என்றேன்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு உடம்பு துடைத்துவிடுகிற பெண்களில் ஒருத்தி எங்கள் ஊர் ஆள். ஒரு பின்னேரம் நான் உங்கள் கட்டிலருகே இருக்கும்போது அவள் உள்ளே வந்தாள். "அன்ரி, இவ்வளவு நாளும் யோசிச்சனான், இப்பதான் பிடிபட்டது. நீங்கள் அந்தப் பேணியிலை இருக்கிற ஆள்தானே?" என்றவள், ஓடிப்போய்த் தன் பையிலிருந்து பேணியைக் கொண்டுவந்தாள். புதுத் தாள். சிவந்த கன்னம்.

நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அவளுக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஆமாம்மா, நான்தான்," என்றீர்கள். "அது சுக்குக் காப்பிதான். குடி, கெடுதல் இல்ல. ஆனா முட்டி வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டு. இந்தத் தாளை நான் வச்சுக்கட்டுமா?"

நகத்தால் மெதுவாக, கிழியாமல், தாளை உரித்தெடுத்தீர்கள். நாலாக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தீர்கள். என் பக்கம் திரும்பி, "இவ்ளோ சிவப்பா நான் எப்பம்மா இருந்தேன்?" என்றீர்கள். அவ்வளவுதான். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து உரித்தேன். மன்னியுங்கள் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் போகட்டும் என்றிருந்தேன். அவள் போனபோது நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த பதினொரு நாளில் நான் மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் பழம்தான் உரித்தேன்.

தகனத்துக்கு வந்த பெண்களில் இருவர் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்துவிட்டு, "இவாதானே அந்தத் தூள் குடிச்சவா?" என்று என்னையே கேட்டார்கள். தெரியாது என்றேன். உங்கள் பெட்டியிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

பிறகு உங்கள் தம்பி விளம்பரத் தாள்கள் இருந்த பெட்டியை என்னிடம் கொண்டுவந்து தந்தார். நீங்கள்தான் எனக்குக் கொடுக்கச் சொன்னீர்களாம். கண்ணாடிக் கூடும் உள்ளே இருந்தது. அதற்குள் என்னுடைய தாள். மற்றப் பெண்களின் கடிதங்களுக்குப் பக்கத்தில் எழுதியது போலவே, ஓரத்தில், நடுங்கின பென்சில் எழுத்தில்: 'அப்புறம்?'

அன்றைக்கே பேணிகளை எல்லாம் அலுமாரியிலிருந்து இறக்கினேன். ஆனால் வந்து கேட்டவர்களுக்குச் சாமான் வரவில்லை என்றுதான் சொன்னேன். உங்களை விசாரித்தவர்களுக்குச் சுகமாக இருக்கிறா என்றேன். இரண்டு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், அக்கா.

இன்று அந்தத் திரான்சிப் பெண் கேட்டது உங்கள் கேள்வி. அவள் விரல் உங்கள் கன்னத்தில் இருந்தது. "இவா இப்ப இல்லை. செத்து இரண்டு வருசம்," என்றேன். "இந்தத் தூளை இவா ஒருநாளும் குடிக்கேல்லை. இந்தக் கடிதமும் இவா எழுதினதில்லை. நான்தான் எழுதினனான். இவாவைக் கேக்காமல்."

அவள் விரலை எடுத்துவிட்டாள். "நான் இவாவைப் பாத்துத்தான் அக்கா வாங்கினனான். என்ரை அம்மாவுக்கும் அனுப்பினனான்," என்றாள். என்ன தூள் என்று சொன்னேன், வீட்டிலேயே இடிக்கலாம் என்றும் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பேணியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு உங்கள் தாளை எடுத்தேன். அதை எப்போதும் என் கைப்பையில், வதிவிட அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய சொல்லுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதினேன்: 'அப்புறம், படி ஏற முடியாமலே இறந்துபோனார். கடிதம் எழுதியவள் நான்.' கீழே என் பெயரையும் போட்டேன்.