சர்ச் கிராசிங்

ஜனவரி 11
நேற்று தண்டவாளத்திலிருந்து தள்ளிய பனியெல்லாம் இன்று பழைய இடத்திலேயே கிடக்கிறது. இந்த வடக்கு டகோட்டா காற்றுக்கு எங்கள் குட்டி ரயில்பாதை என்றாலே இளக்காரம். காஸ் டேங்கர் வேகன்கள் ஜங்ஷனில் நிற்கின்றன. சாலையும் மூடிவிட்டது. ஊரில் மிச்சமிருக்கும் காஸ் தீர்ந்தால் அக்கா மாரிட்டின் வான்கோழிக் கொட்டகையில் ஹீட்டர் அணைந்துவிடும். உள்ளே எல்லாம் பச்சைக் குஞ்சுகள்.

ஜனவரி 12
அக்கா வீட்டுக்காரர் ஆர்விட் போன் செய்தார். "லோர்னா, பனி தள்றீங்களா, இல்ல அதோட கண்ணாமூச்சி ஆடறீங்களா?"
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "காஸ் நாளன்னிக்கு வரைக்கும்தான் தாங்கும்மா."

ஜனவரி 13
சாலை தண்டவாளத்தைக் கடக்கிற இடங்களில் சக்கரம் ஓட ஒரு பள்ளம் உண்டு. அதில் பனி இறுகினால் சக்கரம் மேலே ஏறிக்கொள்ளும். நானும் கூட வேலை பார்க்கும் நோரிஸும் ஒவ்வொரு கிராசிங்காகக் கடப்பாறையால் குத்தி எடுத்தோம். கடைசியில் சர்ச் கிராசிங். "அவ்ளோ சுத்தம். தட்டே வேண்டாம், இதுல போட்டே சாப்பிடலாம்" என்றான் நோரிஸ். விரல்கள் மரத்துவிட்டன.

ஜனவரி 14
எஞ்சின் தடம் புரண்டது. சர்ச் கிராசிங்கில்.
பனிக் கலப்பையோடு அது முன்னே போய் வழி திறந்தால்தான் டேங்கர்கள் கிளம்பும். நேற்று தோண்டிய பள்ளம் முழுக்கப் பனி, கல்லாக இறுகிக் கிடந்தது. மேலே டிராக்டர் தடம். அது நேராக ஆர்விட் வீட்டுக்குப் போகிறது. எங்களுக்கு உதவுவதாக நினைத்து, முன்னும் பின்னும் ஓட்டி மிதித்து அடைத்திருக்கிறார். ஐயோ, உங்கள யாரு கேட்டா?
நோரிஸ் என்னைப் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றேன்.
எஞ்சினைத் தூக்கி வைக்க வெளியூர் ஆட்கள் வரவேண்டும். வேறு வழியே இல்லையா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன் — இல்லை.

ஜனவரி 15
ஹீட்டர் அணைந்துவிட்டதாம். அக்கா போனில் அழவில்லை. அழுதிருக்கலாம்.

ஜனவரி 17
பாதை திறந்தது. டேங்கர்கள் வந்துவிட்டன. அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தக் குளிரில் கொட்டகைக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. ஆர்விட் ஷவலால் குஞ்சுகளை வாரிக்கொண்டிருந்தார்.
"நானே டிராக்டர்ல வழி தள்ளி வச்சேனே, லோர்னா. அப்புறமும் எப்படி புரண்டுச்சு?"
அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.
"பள்ளத்த நான் சரியா தோண்டல, அத்தான்."
அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.