மடலின் கடைசி வரி

டுலூத், மினசோட்டா
அக்டோபர் 9, புதன்கிழமை

அன்புள்ள கரினுக்கு,

லோர்னா கொண்டுவந்த பையில் உன் குளிர்காலக் கோட்டு இருக்கிறது. போட்டுக்கொண்டே படி. அவள் என் கல்லூரி நூலகத்தில் வேலை செய்பவள், நம்பலாம். நானே வந்திருப்பேன். என் காரை டுவெய்னுக்குத் தெரியும்; பின்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வது?

காரணம் சொல்லாமல் லோர்னாவின் காரில் ஏறு என்றால் நீ ஏறமாட்டாய். பதினாறு வருடம் உன் புருஷன் டுவெய்ன் அப்படித்தான் உன்னை வண்டியில் ஏற்றினான். அதனால் சொல்கிறேன்.

'செல்மா குவின்' என்ற பெயரில் துப்பறியும் நாவல்கள் எழுதி நானே வெளியிடுகிறேன் அல்லவா? பதிப்பாளர் இல்லாததால் அட்டை, விற்பனை, வரி, விளம்பரம் எல்லாம் என் தலையில்தான். மாதம் ஒருமுறை வாசகர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்புவேன். மொத்தமாக அனுப்பும் விளம்பர மடலின் அடியில் தபால் முகவரி இருக்கவேண்டும் என்பது சட்டம். நான் எழுதுவது கல்லூரிக்குத் தெரியவேண்டாமென்று, என் வீட்டு முகவரிக்குப் பதிலாக ஏரிக்கரையில் வாங்கிய அந்த மரவீட்டு முகவரியைக் கொடுத்தேன். அப்போது அங்கே எலிகளைத் தவிர யாருமில்லை.

எங்கள் எழுத்தாளர் கூட்டத்துக்கு வரும் பெர்னிஸ், வக்கீலிடம் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவள், அன்றைக்கே சொன்னாள்: "தபாலாபீஸ்ல ஒரு பெட்டி வாடகைக்கு எடு சிக்னே. பேரை மறைச்சு வச்சுட்டு வாசக்கதவைத் தொறந்து போடாதே." "எலியைப் பாக்க எவன் வரப்போறான்?" என்று சிரித்துவிட்டேன்.

ஏப்ரலில் உன்னை அங்கே தங்கவைத்தேன். நான் அந்த வீட்டை வாங்கியதே டுவெய்னுக்குத் தெரியாது என்பதால்தான். நீ இருக்கும் இடத்தைப் பாதிரியாரிடம்கூட நான் சொல்லவில்லை. ஆனால் மாதாமாதம் அதே முகவரியை அறுநூறு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசி வரியை நான் படிப்பதே இல்லை, கரின்.

இன்று காலை, யார் யார் மடலைத் திறந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். உனக்கும் டுவெய்னுக்கும் பொதுவான பழைய மின்னஞ்சலும் அதில் உண்டு. என்னைச் சந்தோஷப்படுத்த நீ சேர்ந்தது. ஆறு மாதமாக யாரும் திறக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஏழு முறை திறக்கப்பட்டிருக்கிறது. நீயாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அங்கே இணையமும் இல்லை, உன்னிடம் போனும் இல்லை. ஆபத்து என்று நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். அப்படியானால் திறப்பது டுவெய்ன்தான்.

ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டேன். "மெயிலைத் தொறந்து படிக்கிறது குத்தமில்லீங்க மேடம். ஆளு வந்தா கூப்பிடுங்க," என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். எதில் கூப்பிடுவாய் நீ?

அங்கிருந்து நேராகப் போய்த் தபால் பெட்டி எடுத்தேன். இனிப் போகும் மடல்களில் அந்த முகவரி இருக்காது. போனதைத் திரும்பப் பெற வழியில்லை என்றார்கள். எனக்கே தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

அடுப்பை மட்டும் அணை. பாத்திரம், துணி எதற்கும் நிற்காதே. லோர்னா உன்னைத் தனக்குத் தெரிந்த ஓர் இடத்துக்குக் கூட்டிப்போவாள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. நீயும் எனக்குச் சொல்லாதே.

கடவுளை அதிகம் தொந்தரவு செய்பவளில்லை நான். காலையிலிருந்து விடவில்லை. என்னைத் திட்டுவதற்கு நீ நன்றாக இருக்கவேண்டும். ஏறு, கரின்.

உன் அக்கா,
சிக்னே