மதிலுக்கடியில் அரிசி

ஷிச்சியாவ் கிராமம்
8 ஜனவரி 1961

அன்புத் தம்பி போச்சிங்குக்கு,

அக்கா எழுதுவது. சுகமா? இங்கே பொதுச் சமையலறையை மூடிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. லியான்சிக்குப் பட்டினியில் கால் வீங்கிவிட்டது. நாலு வயதுப் பிள்ளை, “புத்தாண்டுக்கு நியன்காவ் இடிப்பியாம்மா?” என்கிறாள். அந்தப் பசையரிசிப் பண்டத்துக்குப் பதில் அது வந்த கதையைத்தான் கொடுத்தேன். அந்தக் காலத்து வூ நாட்டு மந்திரி பசையரிசி மாவைச் செங்கல்லாக்கி சூசோ மதிலுக்கடியில் புதைத்ததும், முற்றுகையில் சனங்கள் மூன்றடி தோண்டித் தின்று பிழைத்ததும். நீ அந்த மதிலைத்தானே இடிக்கிறாய்? கண்ணில் பட்டால் ஒரே ஒரு கல் அனுப்பு. சிரிக்காதே.

உன் அக்கா சியாவ்யுன்

சூசோ
14 ஜனவரி

அக்கா,

சிரிக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. இரண்டு வருடமாகத் தோண்டுகிறேன். களிமண், உடைந்த ஓடு, ஒரு நாயெலும்பு. அவ்வளவுதான். உண்மை வேறு. பழைய கொத்தர்கள் பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் குழைத்துப் பூசினார்கள். அயோடின் விட்டால் அந்த அரிசிமாவு இன்றைக்கும் நீலமாகிறது. உங்கள் ஊர்ப் பாலத்துக் காரையிலும் அரிசி இருக்கும். யாரோ அதைச் செங்கல்லாக்கிக் கதை கட்டிவிட்டான். அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கும் கஞ்சித்தண்ணிதான்.

போச்சிங்

21 ஜனவரி

அருமைத் தம்பி,

படித்தவன் படித்தவன்தான்! உன் கடிதத்தை ஊருக்கே வாசித்தேன். “ஒன் தம்பி வாய்க்குச் சர்க்கரை போடணும்டி” என்று எதிர்வீட்டு ஃபெங் அண்ணன் அழுதேவிட்டார். பாலத்துக் காரையைச் சுரண்டி, இடித்து, சலித்து, வேகவைத்தோம். லியான்சி இரண்டு கிண்ணம் தின்றாள். “மண்ணு மாதிரி இருக்கும்மா, ஆனா வயிறு நெறஞ்சிருக்கு” என்றாள். நீ நன்றாயிருக்க வேண்டும்.

அக்கா

27 ஜனவரி

அக்கா, நிறுத்து. அது சோறில்லை, கல். நூறில் மூன்று பங்குகூட அரிசி கிடையாது. அதை எழுதாமல் விட்டேன், என் மேதாவித்தனம். குடலில் இறுகிவிடும். வெந்நீர் கொடு, எண்ணெய் கிடைத்தால் கொடு. எல்லாரிடமும் சொல். உங்கள் பக்கம் தந்தி போகாதாம். விடுப்புக் கேட்டேன், தரவில்லை. உடனே பதில் போடு.

போச்சிங்

5 பிப்ரவரி

போச்சிங்,

லியான்சி ஒன்றாம் தேதி போய்விட்டாள். கடைசி ஆறு நாள் வெளிக்கே போகவில்லை. உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது.

அதையும் பாலத்தடியில் நின்று வாசித்தேன். “மொதல்ல இருக்குன்னான், இப்ப இல்லங்கிறான். பாலத்தைக் காப்பாத்தப் பாக்குறான்” என்றார் ஃபெங் அண்ணன். நிறுத்தாமல் சுரண்டுகிறார்கள். உன் முந்தின கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் போய் வீடு வீடாக வாசிக்கிறார்கள். அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி நீ எழுதினால் நம்பமாட்டார்கள். விடுப்புத் தராவிட்டாலும் வா. பாலத்தடியில் நின்று உன் வாயால் சொல்.

என் வீட்டுக்கு வரவேண்டாம்.

சியாவ்யுன்