பாப்பா எடுத்துவிட்ட பெல்ட்

அண்ணே,

நேற்று அண்ணி எங்கள் ஆனையூர் வீட்டுக்கு வந்து, உங்கள் காரில் கிடந்த, பிள்ளைகளுக்கான பூஸ்டர் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். "வண்டிய வித்தாச்சு. இத உங்க பாப்பாவுக்காகத்தான வாங்குனாரு" என்றார். தட்டிப் பார்த்தேன், காராபூந்தித் துகளோடு உங்கள் காரின் ஊதுபத்தி வாசனையும் வந்தது. அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு எதற்கு இந்த வேலை என்று எங்கள் வீட்டில் ஒரே கேலி. நீங்கள் அசரவில்லை. "பெல்ட்டு பெரியாளு அளவுக்குச் செஞ்சது தங்கச்சி. பிள்ளைய ஒசத்தி உக்கார வச்சாத்தான் கழுத்த அறுக்காம தோள்ல விழும், வயித்துல ஏறாம இடுப்புல கிடக்கும்" என்பீர்கள்.

கொழுந்தன் மகன் காதுகுத்துக்குப் பேரையூர் போனோமே, அன்று பாப்பாவுக்கு ஆறு வயது. பட்டுச்சட்டை கசங்குகிறது, பெல்ட் உறுத்துகிறது என்று ஒரே நச்சரிப்பு. தொல்லை விட்டால் போதுமென்று, தோளில் கிடந்த பெல்ட்டை நானே இழுத்து அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டீர்கள். மொட்டை வெயிலில் வண்டியை ஓரங்கட்டினீர்கள். "நல்ல நேரம் போகுதுப்பா!" என்று மாமனார் கத்தினார். இறங்கி வந்து பெல்ட்டைச் சரியாகப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பாப்பா எடுத்துவிட்டிருச்சு போல" என்றீர்கள். மாமனாருக்குப் பயந்து நானும், "சொன்னா கேக்க மாட்டியாடி?" என்று அவள் தொடையில் ஒன்று வைத்தேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். டிராக்டர் ஒன்று சடாரென்று குறுக்கே திரும்பியது. நீங்கள் பிரேக்கை மிதித்த மிதியில், பெல்ட் போடாத என் நெற்றி முன்சீட்டில் மோதிப் புடைத்தது. அவளுக்குத் தோளில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

திரும்பி வந்து இறங்கும்போது மெதுவாகச் சொன்னீர்கள்: "பிள்ளைகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிருங்க தங்கச்சி."

"சொல்றேண்ணே" என்றேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பேச்சு பேசித் தப்பித்தேன். பிறகு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவே இல்லை.

இன்று காலை என் தங்கை மகனை அந்தச் சீட்டில் உட்கார வைத்துப் பாப்பா பாடம் நடத்துகிறாள்: "பெல்ட்ட பின்னாடி தள்ளாதடா. நான் ஒருக்கா தள்ளிவிட்டு அம்மாட்ட அடி வாங்குனேன்." தானே செய்ததாக நம்பிவிட்டாள், அண்ணே! "இல்லடி, அன்னைக்குத் தள்ளிவிட்டது நான்தான்" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பறம் ஏம்மா என்னைய அடிச்ச?"

என் மானத்தைக் காக்க நீங்கள் சொன்ன பொய்யை மூன்று வருஷம் அந்தப் பிள்ளை தலையில் சுமத்தியிருக்கிறேன். அவள் கேட்டதற்கு என்ன சொல்லவென்று உங்களிடம் கேட்கலாமென்றால் நீங்கள் இல்லை, அண்ணே.